காதப்பாறையில் சிங்கப்பூர்

கரூரிலிருந்து சேலம் போகிற சாலையில் காதப்பாறை. லட்சுமி விலாஸ் வங்கியின் பதிவு அலுவலகம் அங்கேதான் இருந்தது. 1926இல் வி.எஸ்.என். ராமலிங்கச் செட்டியாரும் உள்ளூர் வியாபாரிகள் ஆறு பேருமாகக் கூடித் தொடங்கிய வங்கி. நூறாண்டைத் தொட இன்னும் ஆறு வருடம் இருக்கையில், 2020 நவம்பர் 27ஆம் தேதி, சிங்கப்பூர் டிபிஎஸ் வங்கியின் இந்திய நிறுவனத்தோடு அது சேர்க்கப்பட்டது. அதற்குப் பத்து நாள் முன்புதான், நவம்பர் 17 மாலை, ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக்கூடாது என்ற தடை வந்திருந்தது. தடை வந்த அன்றே இணைப்புக்கான வரைவையும் ரிசர்வ் வங்கி வெளியிட்டுவிட்டது. நிர்வாகியாக டி.என். மனோகரன் நியமிக்கப்பட்டார். 25ஆம் தேதி மத்திய அமைச்சரவையின் ஒப்புதல் கிடைத்தது. நம் ஊரில் பத்து நாள் அவகாசத்தில் ஒரு கல்யாண மண்டபம் கிடைக்காது. 94 வயது வங்கி ஒன்று அந்த நாட்களுக்குள் கைமாறிவிட்டது. நொடித்த இந்தியத் தனியார் வங்கி ஒன்றை அரசே முன்னின்று ஓர் அயல்நாட்டு வங்கியிடம் ஒப்படைத்தது அதுதான் முதல் தடவை.

கரூரில் எனக்குத் தெரிந்த வீடு ஒன்று உண்டு. ஜவுளி வியாபாரத்திலிருந்து ஓய்ந்துவிட்ட கணவரிடம் அந்த வங்கியின் ஷேர்கள் இருந்தன. கொஞ்சம் தகப்பனார் காலத்தவை, மிச்சம் அவரே வாங்கியவை. மனைவியின் பெயரில் அதே வங்கியில் பிக்சட் டெபாசிட். இணைப்பு நடந்தபின் அந்த வீட்டில் நடந்த பேச்சை நாடாளுமன்றத்தில் நடந்த எந்தப் பேச்சைவிடவும் முக்கியமாக நினைக்கிறேன். “சிங்கப்பூர்க்காரனுக்குச் சும்மா தூக்கிக் குடுத்துட்டானுங்க” என்றார் அவர். “யாருக்குக் குடுத்தா என்னங்க, என் பணம் வந்துருச்சுல்ல” என்றார் அவருடைய மனைவி. இரண்டுமே உண்மை. அந்தத் திட்டத்தின்படி டெபாசிட் ஒரு பைசா குறையாமல் டிபிஎஸ் கணக்குக்குப் போனது. பங்கு மூலதனம் முழுவதும் அழிக்கப்பட்டது. பதினைந்து ரூபாய்ச் சொச்சத்துக்குக் கைமாறிக்கொண்டிருந்த ஷேருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அயலார் நம் வங்கிகளை வாங்குவதைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்கிறவர்கள், ‘மக்கள்’ என்று ஒரே ஆள் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். அந்த வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். வங்கியில் வேலைபார்த்த மகனோ கடன் வாங்கியிருந்த மருமகனோ இருந்திருந்தால் மூன்றாவது, நான்காவது கருத்தும் இருந்திருக்கும். கவுண்டருக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைப் பார்த்துத்தான் தேசபக்தி வருகிறது.

டெபாசிட்காரரின் மனநிலையைக் குறைத்துப் பேசுவது சுலபம். அதற்கு முந்தைய வருடம் மும்பையில் பிஎம்சி கூட்டுறவு வங்கிக்கு நேர்ந்ததை அறிந்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள். 2019 செப்டம்பரில் அங்கே விழுந்த முதல் தடையில் எடுக்க அனுமதித்த தொகை 1,000 ரூபாய். அந்த வங்கி யூனிட்டி சிறு நிதி வங்கியோடு இணைந்தது 2022 ஜனவரியில். பெரிய தொகை வைத்திருந்தவர்களுக்கு அப்போதும் மொத்தமாகக் கையில் கிடைக்கவில்லை, பத்தாண்டுத் தவணை. வாங்க உடனே ஆள் வராத வங்கியின் கதை அது. லட்சுமி விலாஸுக்கு ஆள் வந்தது. 2,500 கோடி ரூபாயை மூலதனமாகக் கொண்டுவந்து போட்டது. கரூர் அம்மையாரின் நிம்மதிக்குப் பின்னால் மும்பைக் கிழவர்கள் வங்கி வாசலில் அழுத காட்சிகள் இருந்தன. தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தவைதான்.

கணவரின் கோபமும் ஆராய வேண்டியதே. அவர் பேச்சில் சிங்கப்பூர் வந்தாலும், கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தால் அது மும்பைக்குத் திரும்பிவிடும். அதே 2020 மார்ச்சில் யெஸ் வங்கி விழுந்தது. அங்கே ஸ்டேட் வங்கி தலைமையில் பல வங்கிகள் சேர்ந்து பணம் போட்டுத் தூக்கி நிறுத்தின. 8,415 கோடி ரூபாய்ப் பத்திரங்கள் அழிக்கப்பட்டது உண்மை. ஆனால் பங்குதாரர்களின் பங்கு அழிக்கப்படவில்லை. முக்கால் பங்கை மூன்று வருடம் விற்கக்கூடாது என்று பூட்டு மட்டும் போட்டார்கள். “அது மும்பை பேங்க், இது கரூர் பேங்க்” என்பார் அவர். 2017 கடைசியில் வந்த உரிமைப் பங்கு வெளியீட்டில் ஷேர் ஒன்றுக்கு 122 ரூபாய் கொடுத்து வாங்கியவர் அவர். ஊர் வங்கி கேட்கிறது, கொடுக்காமல் இருக்கலாமா என்று கொடுத்ததாகச் சொல்வார். 2004இல் குளோபல் டிரஸ்ட் வங்கியை ஓரியண்டல் வங்கியோடு இணைத்தபோதும் பங்குதாரர்களுக்கு ஒன்றும் தரப்படவில்லை, வாங்கியது அரசு வங்கிதான் என்று நான் எடுத்துச் சொன்னபோது அவர் முகம் மாறவில்லை. ஹைதராபாத்காரனின் நஷ்டம் கரூர்க்காரனுக்கு எப்படி ஆறுதலாகும்?

ஊழியர் சங்கங்கள் வேறு பக்கத்திலிருந்து கேட்டன. வாராக்கடனால் நொடித்ததென்றால் அரசு வங்கி ஒன்றோடு சேர்ப்பதுதானே வழக்கம், அந்நியனிடம் ஏன்? ‘தற்சார்பு இந்தியா’ என்று பிரதமர் முழங்கி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. டிபிஎஸ்ஸின் மிகப்பெரிய பங்குதாரர் டெமாசெக். அது சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனம். நம் அரசு வங்கிக்குக் கொடுக்காத ஒரு வங்கியை இன்னோர் அரசு மிகப்பெரிய பங்குதாரராக இருக்கும் வங்கிக்குக் கொடுத்திருக்கிறோம். அரசுடைமை காலாவதியான சரக்கு என்று இங்கே சொல்லிக்கொண்டே.

இப்போது அந்த வங்கி எப்படி விழுந்தது என்பதற்கு வருகிறேன். ஊரில் அதிகம் பேசப்படாத பகுதி அதுதான்.

கரூர் சின்ன ஊர். அந்தச் சின்ன ஊரில் பிறந்தவை இரண்டு வங்கிகள்: 1916இல் கரூர் வைசியா, 1926இல் லட்சுமி விலாஸ். விவசாயிக்கும் வியாபாரிக்கும் கடன் கொடுக்க வெள்ளைக்காரர்களின் வங்கிகள் தயாராக இல்லாத காலத்தில், உள்ளூர்ப் பணத்தை உள்ளூரில் சுற்றவிட எழுந்தவை. பின்னாளில் திரைச்சீலையும் மேசைவிரிப்பும் நெய்து ஏற்றுமதி செய்தவர்கள், பஸ் பாடி கட்டியவர்கள், கொசுவலைக்காரர்கள் எல்லோரும் இந்த வங்கிகளோடு சேர்ந்து வளர்ந்தார்கள். இப்படிப்பட்ட வங்கியில் கடன் விண்ணப்பம் என்பது பாதி சம்பிரதாயம். கேட்கிறவனுடைய அப்பா யார், போன வருடம் மகள் கல்யாணத்தை எப்படி நடத்தினான், யாருக்குப் பாக்கி வைத்திருக்கிறான் என்பதெல்லாம் மேனேஜருக்குத் தெரியும். மேனேஜருக்குத் தெரியாவிட்டால் இயக்குநர்களில் ஒருவருக்குத் தெரியும். கடனைத் திருப்பாதவன் ஜவஹர் பஜாரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. கொடுக்கக்கூடாதவனுக்குக் கொடுத்த இயக்குநரும் நடக்க முடியாது.

இதைச் சொல்லும்போதே ஒரு ஏக்கம் தொற்றிக்கொள்கிறது. அதைக் கொஞ்சம் தட்டிவிட வேண்டும். எல்லோரையும் தெரிந்து வைத்திருக்கிற மேனேஜருக்கு, யாரைத் தெரியக்கூடாது என்பதும் தெரிந்திருந்தது. வியாபாரக் குடும்பங்களுக்கு வெளியே பிறந்தவனுக்கு, ஜாமீன் போட ஆளில்லாதவனுக்கு, புருஷன் கையெழுத்தில்லாமல் வந்த பெண்ணுக்கு அந்த வாசல் திறந்திருந்தும் திறக்கவில்லை. அப்படி நின்றவர்கள் வாரவட்டிக்காரனிடம் போனார்கள். எந்தக் கொடி வங்கியின்மேல் பறந்தாலும் அவர்களுக்குப் புதிதாக எதுவும் பறிபோகவில்லை.

நெருக்கம் என்று ஒன்று இருந்தது என்பதை மறுக்க முடியாது. அதைச் சிங்கப்பூர்க்காரர்கள் பறித்தார்களா? நவம்பர் 2020க்கு வெகு முன்பே அது போய்விட்டது. ஊரைத் தெரிந்த வங்கி, தனக்குத் தெரியாத ஊர்களில் பெரிய தொகைகளைப் போடப் போனது. ரான்பாக்ஸி, ஃபோர்ட்டிஸ் புகழ் டெல்லி சிங் சகோதரர்களின் நிறுவனங்களுக்கு ஏறக்குறைய 720 கோடி ரூபாய். ஈடாக அவர்கள் வசமிருந்த ரெலிகேர் ஃபின்வெஸ்டின் டெபாசிட். பிறகு அந்த டெபாசிட்டை வங்கி எடுத்துக்கொள்ள, வழக்கு, போலீஸ், கைது என்று போனது. கரூர்க் கடைத்தெருவில் ஐந்து லட்சத்துக்கு மூன்று தலைமுறையை விசாரித்தவர்கள் டெல்லிக்கு எழுநூறு கோடி அனுப்பும்போது யாரை விசாரித்தார்கள்? 2017-18இல் நஷ்டம் 585 கோடி. அடுத்த வருடம் 894. அதற்கடுத்த வருடம் 836. 2020 மார்ச்சில் கொடுத்த கடனில் கால்பங்கு வாராக்கடன். இந்தியாபுல்ஸோடு சேர முயன்றது, ரிசர்வ் வங்கி மறுத்தது. கிளிக்ஸ் கேப்பிட்டலோடு பேசியது, முடியவில்லை. 2020 செப்டம்பரில் பொதுக்குழு கூடி, நிர்வாக இயக்குநர் உட்பட ஏழு பேரைப் பங்குதாரர்களே வாக்களித்து வெளியேற்றினார்கள். காதப்பாறையின் கதவைத் தட்டியபோது டிபிஎஸ் கண்டது ஏற்கெனவே பாதி காலியான வீடு. கரூர்க்காரர்களின் கோபம் கடைசியாக வந்தவன்மேல் திரும்பியது இயற்கை. அவன்தானே கண்ணுக்குத் தெரிகிறான்.

இந்தக் கோபம் சென்னை மாகாணத்துக்குப் புதிதல்ல. அப்போது திசைமட்டும் வேறு. 1906 அக்டோபர் 22, அர்பத்நாட் கம்பெனி திவாலானது. வெள்ளைக்காரர்களின் கம்பெனி என்பதாலேயே ‘பத்திரம்’ என்று ஓய்வூதியர்களும் விதவைகளும் கோயில்களும் ஜமீன்களும் பணத்தைக் கொண்டுபோய்ப் போட்டிருந்த இடம். லண்டன் கூட்டாளி தற்கொலை செய்துகொண்டார். சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு மறுவருடம் பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை. அந்தச் சாம்பலிலிருந்து வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று நகரத்தார் முதலோடு உருவாக்கியதுதான் இந்தியன் வங்கி, 1907. அந்நியன் மோசம் செய்தான், நம்மவர்களே வங்கி வைப்போம் என்பது அன்றைய நியாயம். நம்மவர்கள் மோசம் செய்தார்கள், அந்நியனாவது காப்பாற்றட்டும் என்பது 2020இன் நியாயம். இரண்டு தடவையும் கணக்குப் புத்தகத்தைப் பார்க்காமல் ஆளைப் பார்த்தே நம்பினோம்.

சரி, அந்நியன் என்றால் கடல் கடந்தவனா? தூத்துக்குடியைக் கேட்க வேண்டும். நாடார் மகாஜன சங்கத்தின் மாநாட்டில் பிறந்த யோசனையாக 1921இல் தொடங்கிய நாடார் வங்கி, 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது. 1990களில் அதன் பெரும்பான்மைப் பங்குகள் தொழிலதிபர் சிவசங்கரன், எஸ்ஸார் ரூயாக்கள் என்று சமூகத்துக்கு வெளியே போனபோது ஊர் கொதித்தது. பங்குகளை மீட்க வேண்டும் என்று கூட்டங்கள் போட்டார்கள், நிதி திரட்டினார்கள், வருடக்கணக்காக வழக்காடினார்கள். ரூயாக்கள் இந்தியர்கள்தாம். சிவசங்கரன் தமிழரேதான். ஆனாலும் பனையேறிகளும் மளிகைக்கடைக்காரர்களும் காசு சேர்த்து வைத்த பெட்டிக்கு அவர்கள் வெளியாட்கள். பின்னால் கொஞ்சம் பங்கு அயல்நாட்டு முதலீட்டு நிறுவனங்களுக்குப் போனது, அதற்கும் தகராறு. 2022 செப்டம்பரில் ஒருவழியாகப் பங்குச்சந்தைக்கு வந்தது. இன்று செல்பேசி வைத்திருக்கிற யார் வேண்டுமானாலும் அதன் ஷேரை வாங்கலாம், சமூகமும் கேட்பதில்லை. தூத்துக்குடியின் போராட்டத்தைச் சாதி உணர்வு என்று ஒதுக்குகிறவர்கள், கரூரின் கோபத்தைத் தேச உணர்வு என்று மெச்சக்கூடாது. இரண்டும் ஒரே ரத்தம்.

ஐசிஐசிஐ, எச்டிஎஃப்சி ஆகிய வங்கிகளை எடுத்துக்கொண்டால் அவற்றின் பங்குகளில் ஏறக்குறைய பாதி அயல்நாட்டவர் கையில்தான். அதைப்பற்றி யாரும் கொடி பிடித்ததில்லை. ஆயிரம் நிதியங்களாகச் சிதறிக்கிடக்கும் அந்நியன் நம் கண்ணில் படுவதில்லை. ஒரே ஆளாக வந்து பெயர்ப்பலகையை மாற்றினால்தான் உறுத்துகிறான்.

இதை எழுதும் தமிழன் பர்மாவைப் பற்றிப் பேசாமல் போனால் அது கணக்கில் ஒரு பக்கத்தைக் கிழித்தெறிவது போல. ஐராவதி டெல்டாவின் ஊர்களில் அந்நிய வங்கிக்காரனாக உட்கார்ந்திருந்தது நாம்தான்.

சூயஸ் கால்வாய் திறந்து பர்மா அரிசிக்கு உலகச் சந்தை விரிந்தபோது, காட்டைத் திருத்தி வயலாக்கியவர்களுக்குக் கடன் கொடுக்க வெள்ளைக்கார வங்கிகள் வரவில்லை. நகரத்தார் போனார்கள். ஊருக்கு ஒரு கடை, கடைக்கு ஒரு மேலாள், கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன். மூன்று வருடக் கணக்கு முடித்து ஊர் திரும்புவார்கள், அடுத்த செட்டு வரும். ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் கூடி நடப்பு வட்டி முடிவுசெய்வார்கள். பர்மியர் மொழி பேசுவார்கள், எந்த விவசாயியிடம் எத்தனை ஜோடி மாடு என்பது தெரியும், உள்ளூர் வட்டிக்காரனைவிடக் குறைந்த வட்டிக்குக் கொடுத்தார்கள். பர்மாவின் வங்கி விசாரணைக் குழு 1930இல் இதையெல்லாம் எழுதிவைத்தது. நகரத்தார் இல்லாமல் அந்த நாட்டின் நெல் இல்லை என்ற அளவுக்கு. அந்தச் சமயத்தில் அவர்கள் அங்கே போட்டிருந்த முதல் 75 கோடி ரூபாய் என்பது மதிப்பீடு.

அதே வருடம் நெல் விலை சரிந்தது. கடன் திரும்பவில்லை. ஈடாக எழுதிக்கொடுத்திருந்த நிலம் கடைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீத நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1938இல் 25 சதவீதம். நிலம் வேண்டுமென்று அவர்கள் போகவில்லை. வட்டியைக் கொண்டுவந்து காரைக்குடிப் பக்கம் வீடு கட்டுவதுதான் நோக்கம். வயலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுகூடத் தெரியாது. ஆனால் வயலை இழந்த பர்மியனுக்கு நோக்கத்தைப் பற்றி என்ன? தன் தாத்தா திருத்திய மண், மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஆள் மாறும் ஒரு கடையின் விலாசத்தில் இருக்கிறது. முப்பதுகளில் இந்தியர்களுக்கு எதிரான கலவரங்கள் வெடித்தன. விடுதலைக்குப் பின் நிலச் சட்டம் வந்தது. 1963இல் நே வின் அரசு எல்லா வங்கிகளையும் எடுத்துக்கொண்டது. மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் 1937இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே நாளில் திறந்த இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் ரங்கூன் கிளையும் அதில் போயிற்று. ஆறு வருடம் கழித்து இந்திரா காந்தி இங்கே 14 வங்கிகளை அரசுடைமையாக்கியபோது அதே வங்கி இந்தப் பக்கமும் போயிற்று. அப்போது அயல்நாட்டு வங்கிகளை அவர் தொடவில்லை என்பது தனி வேடிக்கை.

பர்மாவில் நம்மவர்கள் கொடுத்ததும் இழந்ததும் பற்றிச் செட்டிநாட்டில் நிறையக் கேட்டிருக்கிறேன். வாங்கினவனின் கதையை அங்கே யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கரூர்க்காரர்களின் வாதத்தில் எனக்கிருந்த நம்பிக்கையையும் இது அசைத்துப் பார்க்கிறது. உள்ளூரில் குடியிருந்து, பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த வங்கிக்காரன் நல்லவன் என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தோம். டெல்டாவின் செட்டியார் பக்கத்துத் தெருவில்தான் இருந்தார். கெட்ட வருடம் ஒன்று வந்தவுடன் நிலம் எந்தப் பக்கம் நகர்ந்தது, லாபம் எந்தக் கப்பலில் ஏறியது என்பதுதான் கடைசியில் கணக்குக்கு வந்தது. நெருக்கம் கெட்ட வருடத்தைத் தாங்கவில்லை.

இந்தப் பாடத்தை நம்மைவிட நன்றாகப் படித்தவர்கள் சிங்கப்பூர்க்காரர்கள். மார்க்கெட் தெருவில் கிட்டங்கி போட்டு உட்கார்ந்திருந்த தமிழ் லேவாதேவிக்காரர்களைப் பார்த்து வளர்ந்த ஊர் அல்லவா. 1968இல் தொழில் வளர்ச்சிக்கென்று டிபிஎஸ்ஸை உண்டாக்கினார்கள். தங்கள் உள்ளூர் வங்கிகளில் அயல்நாட்டார் 40 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்ற வரம்பை 1999 வரை விடவில்லை. விட்டபிறகும் குறிப்பிட்ட அளவைத் தாண்டிப் பங்கு வாங்க அரசின் அனுமதி வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். அடுத்தவன் வீட்டு வாசலில் மட்டும் சுதந்திரச் சந்தை. 2012இல் இதே டிபிஎஸ் இந்தோனேசியாவின் டனாமன் வங்கியை வாங்கப் போனது. அந்த நாட்டில் எதிர்ப்பு எழுந்தது: எங்கள் வங்கிகளுக்குச் சிங்கப்பூரில் என்ன கதவு திறப்பாய் என்று கேட்டார்கள். 40 சதவீதத்துக்கு மட்டும் மத்திய வங்கி இசைந்தது. டிபிஎஸ் 2013இல் விலகிக்கொண்டது. இதில் மெச்சுவதற்கு இருந்தது, சில வருடங்களில் ஜப்பானின் எம்யூஎஃப்ஜி அதே டனாமனில் 90 சதவீதத்துக்கு மேல் வாங்கிக்கொள்ளும்வரை. இருந்தாலும் இந்தோனேசியர்கள் பேரம் பேச முடிந்தது, ஏனென்றால் டனாமன் நொடித்த வங்கி இல்லை. நாம் பேசியது வங்கி கவிழ்ந்த பிறகு, பத்து நாள் கெடுவில்.

இணைப்புக்குப் பின் கிளைகளில் வண்ணம் மாறியது, செயலி மாறியது. ஊழியர்கள் அதே சம்பளத்தில் தொடர்ந்தார்கள். லட்சுமி விலாஸிடமிருந்து வந்தவற்றில் டிபிஎஸ்ஸுக்கு மிகவும் பிடித்துப்போனது நகைக்கடன். இது எனக்கு ஆச்சரியம் தரவில்லை. 1920இல் திருச்சூரில் தொடங்கிய கத்தோலிக் சிரியன் வங்கியில் 2018இல் கனடாவின் ஃபேர்ஃபாக்ஸ் 51 சதவீதம் வாங்கியது. பெயர் சிஎஸ்பி என்று சுருங்கியது. ஊதிய ஒப்பந்தத்தை அமல்படுத்தக் கோரி 2021இல் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கேரளத்தின் மற்ற வங்கி ஊழியர்களும் ஒருநாள் சேர்ந்துகொண்டார்கள். அந்த வங்கியின் வளர்ச்சிக்கு முதுகெலும்பும் நகைக்கடன்தான். டொரன்டோவிலிருந்தும் மெரினா பேயிலிருந்தும் வந்தவர்கள் நம் பெண்களின் கழுத்தில் இருப்பதையே கடைசியில் நம்பினார்கள். ஆளைத் தெரிந்துகொள்ளத் தேவையில்லாத கடன் அது. உரசிப் பார்த்தால் போதும். அந்நிய முதலாளி புதிய தொழில்நுட்பமும் உலகத்தரமும் கொண்டுவருவான் என்று எழுதினவர்கள் இந்த மார்வாடிக்கடை விஷயத்தை எங்கும் குறிப்பிடவில்லை. நகைக்கடன் இழிவானது என்று சொல்லவில்லை. ஜாமீன் போட ஆளில்லாதவளுக்கு அது ஒரு வாசல். பழைய மேனேஜர் திறக்காத வாசல் என்றும் சொல்லலாம். ஆனால் நகை இல்லாதவன், தறி போடப் பணம் கேட்டு வருபவன், அவனை எடைபோட ஆள் வேண்டும். தராசு பற்றாது.

அந்நியன் போய்விடுவான் என்ற பயமும் பொய்யில்லை. பெங்களூரின் வைசியா வங்கியை 2002இல் கையில் எடுத்த டச்சு ஐஎன்ஜி, 2015இல் கோட்டக் வங்கியில் அதைக் கரைத்துவிட்டுப் பிறகு வெளியேறியது. 1902 முதல் இந்தியாவில் இருந்த சிட்டி வங்கி தன் கிரெடிட் கார்டு, சேமிப்புக் கணக்குத் தொழிலை 2023இல் ஆக்சிஸுக்கு விற்றுவிட்டு நகர்ந்தது. நியூயார்க்கில் முடிவெடுத்தார்கள், கோயம்புத்தூரில் கார்டு மாறியது.

இப்போது நொடிக்காத வங்கிகளுக்கும் ஆள் வருகிறார்கள். 2025இல் ஜப்பானின் சுமிட்டோமோ மிட்சுய், விழுந்து மீண்டெழுந்த யெஸ் வங்கியின் 20 சதவீதத்தை 13,483 கோடிக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. கோலாப்பூரில் 1943இல் ரத்னாகர் வங்கியாகத் தொடங்கிய ஆர்பிஎல் வங்கியின் 60 சதவீதத்துக்குத் துபாயின் எமிரேட்ஸ் என்பிடி 26,853 கோடி அறிவித்தது. இங்கே ஷேர் வைத்திருந்தவர்கள் குறைப்பட்டுக்கொள்ளவில்லை, பங்கு அழியப்போவதில்லை. கரூரில் சத்தம் போட்டவர் கோலாப்பூரில் இருந்திருந்தால் துபாய்க்காரரை வாழ்த்தியிருப்பார், இதை அவரிடமே சொன்னேன், சிரித்துக்கொண்டார். சட்டத்தில் தனியார் வங்கிகளுக்கு 74 சதவீதம் வரை அயல்நாட்டு முதலீடு, வாக்குரிமைக்கு 26 சதவீத வரம்பு, அரசு வங்கிகளில் 20 சதவீத உச்சம் என்று எண்கள் இருக்கின்றன. அவற்றை உயர்த்தலாமா என்ற பேச்சும் அவ்வப்போது எழுகிறது. யார் எவ்வளவு வைத்திருக்கலாம் என்பதிலேயே விவாதம் முழுவதும் தீர்ந்துவிடுகிறது.

நான் அறிய விரும்புவது வேறு. காதப்பாறையில் முன்பு உட்கார்ந்திருந்தவர்கள் டெல்லிக்குக் கொடுத்தபோதும் கேட்டிருக்க வேண்டியது அதுவே. சின்ன ஊர்க் கிளையின் மேனேஜர், மேலே யாரையும் கேட்காமல், தன் கையெழுத்தில் எவ்வளவு கடன் கொடுக்கலாம்? அந்த ஊரில் சேரும் டெபாசிட்டில் எவ்வளவு அந்த மாவட்டத்திலேயே கடனாகத் திரும்புகிறது? மறுக்கப்பட்டவன் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? 2020 நவம்பரில் அரசிதழில் வெளியான இணைப்புத் திட்டத்தை எடுத்துப் படித்துப் பார்த்தேன். டெபாசிட்டுக்கு ஒரு பிரிவு இருக்கிறது, ஊழியர்களின் சம்பளத்துக்கு இருக்கிறது, பங்கு மூலதனத்தை அழிப்பதற்கு இருக்கிறது. மேனேஜரின் கையெழுத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை.